கிழட்டுக் களவாணியின் தயிர்ச்சோறு

ஒரு மாலை ஆறரை மணிக்குக் கரண்ட் போயிற்று. அம்மா மெழுகுவத்தி எடுக்க முன்னறைக்குப் போய்த் திரும்ப மூன்று நிமிடம் ஆகியிருந்தால் அதிகம். விளக்கு வந்தபோது, அடுப்படி முக்காலியில் ஆற வைத்திருந்த இட்லித் தட்டில் எட்டுக்கு ஐந்துதான் இருந்தது. தட்டு நகரவில்லை. மேலே போர்த்தியிருந்த ஈரத்துணி மட்டும், யாரோ கையால் மடித்து வைத்ததுபோல ஓரமாக விலகியிருந்தது. குட்டி நடையில் தன் சாக்கின்மேல், முன்னங்காலில் தாடையை வைத்துக் கண்ணை மூடிப் படுத்திருந்தான். மூக்கு நுனியில் ஒரு வெள்ளைத் துணுக்கு.

பாளையங்கோட்டையில் ஒரு மழைநாளில் ஓடைக்கரையில் நடுங்கிக்கொண்டிருந்த இரண்டு மாதக் குட்டியைத் தூக்கி வந்தபோது, வேறு பெயர் யோசிக்க நேரமில்லாமல் வாயில் வந்த பெயர்தான் ‘குட்டி’. இப்போது அவனுக்கு 13 வயது. செவலை நாட்டு நாய், 15 கிலோ. முகம் முழுக்க நரை. காலையில் எழுந்திருக்கும்போது பின்னங்கால் இரண்டும் சற்று நேரம் சொன்னபடி கேட்பதில்லை. காது மந்தம். கண்மணிக்குள் நீலம் பூத்தாற்போல ஒரு மங்கல். ஆனாலும் அடுப்படியில் முட்டை ஓடு தட்டப்பட்டால் அடுத்த நிமிடம் வாசற்படியில் நிற்கிறான்.

வயதான நாயின் சேட்டையை வீட்டுக்காரர்கள் இரண்டு விதமாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். ஒன்று, ‘இந்த வயசிலும் திருந்தவில்லையே’ என்று அதட்டுவது. இன்னொன்று, ‘கிழடு, பாவம்’ என்று விட்டுவிடுவது. என் கட்சி வேறு. கிழட்டு நாயின் களவு ஒரு செய்தி. அதன் மூக்கும் வயிறும் மூளையும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை அதைவிடத் தெளிவாக வேறெதுவும் சொல்லாது. அதைச் சரியாக வாசிக்கத் தெரிந்தால், கிண்ணத்தில் என்ன போட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். அதற்கு விலை உயர்ந்த பையெதுவும் வேண்டியதில்லை. நம் அடுப்படிச் சோறே பெரும்பாலும் போதும், சில திருத்தங்களோடு.

முதலில் அந்த இருட்டு. கரண்ட் போன நேரம் பார்த்துத் திருடியது தற்செயல் இல்லை. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூலியானே காமின்ஸ்கி என்ற ஆய்வாளர் 84 நாய்களை வைத்துச் செய்த சோதனை 2013-இல் அச்சானது. ஓர் அறையில் தீனியை வைத்து, ‘எடுக்காதே’ என்று ஒருவர் நாயிடம் சொல்வார். பிறகு விளக்குகளை மாற்றி மாற்றிப் போடுவார்கள். சில நேரம் தீனிமேல் வெளிச்சம், சில நேரம் மனிதர்மேல், சில நேரம் முழு இருட்டு. இருட்டில் நாய்கள் தடையை மீறிய அளவு வெளிச்சத்தில் மீறியதைப்போல நாலு மடங்கு. மனிதர்மேல் வெளிச்சம் விழுகிறதா என்பது நாய்களுக்குப் பெரிய விஷயமாக இல்லை. தீனிமேல் விழுகிறதா என்பதைத்தான் பார்த்தன. மனிதக் கண்ணுக்கு அந்தத் தீனி தெரியுமா தெரியாதா என்று அவை ஏதோ ஒரு விதத்தில் கணக்குப் போடுகின்றன என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம். எங்கள் அடுப்படியில் மங்கிய கண்ணோடு மூன்று இட்லியைத் தட்டு அசையாமல் எடுத்தவனும் அந்தக் கணக்கைத்தான் போட்டிருக்கிறான். தவிர, நாயின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடிபோல ஒளியைத் திருப்பியடிக்கும் ஒரு படலம் உண்டு. இரவில் வண்டி வெளிச்சத்தில் நாயின் கண் பச்சையாக மின்னுவது அதனால்தான். நமக்குக் கும்மிருட்டாக இருப்பது அவனுக்கு அரை வெளிச்சம்.

“ஏலே, களவாணிப் பயலே” என்றாள் அம்மா. குட்டி உடனே காதைப் பின்னால் ஒட்டினான். வால் தொடைக்கிடையில் போனது. தலையைத் தாழ்த்தி, கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்த்தான். “பாரு, தப்புன்னு தெரிஞ்சுதான் செஞ்சிருக்கான்.”

எல்லார் வீட்டிலும் சொல்கிற வாக்கியம் இது. அமெரிக்காவில் அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ் இதைச் சோதித்து 2009-இல் வெளியிட்டார். 14 நாய்கள், அவற்றின் வீட்டுக்காரர்கள். தீனியை எடுக்கக் கூடாது என்று நாயிடம் சொல்லிவிட்டு வீட்டுக்காரர் வெளியே போக வேண்டும். திரும்பி வரும்போது நாய் தின்றதா இல்லையா என்று ஆய்வாளர் அவரிடம் சொல்வார். சில நேரம் உண்மையை, சில நேரம் மாற்றி. முடிவில், அந்தக் குற்ற முகம் நாய் தின்றதோடு சேரவில்லை, வீட்டுக்காரர் அதட்டியதோடுதான் சேர்ந்து வந்தது. தின்னாமல் பேசாமலிருந்துவிட்டுத் திட்டு வாங்கிய நாய்களின் முகத்தில்தான் அது இன்னும் கூடுதலாகத் தெரிந்தது. ஆக நாம் குற்ற உணர்ச்சி என்று படிப்பது, கோபத்தில் இருக்கும் ஓர் ஆளைச் சமாதானப்படுத்த நாய் காட்டும் உடல்மொழி. இதைப் படித்த பிறகு, நடந்து முடிந்த களவுக்காகக் குட்டியை நாங்கள் அதட்டுவதில்லை. எதற்குத் திட்டுகிறோம் என்று அவனுக்குப் புரியப் போவதில்லை. பயம் மட்டும் மிஞ்சும். பயந்த கிழட்டு நாய் தின்பதைக் குறைத்துவிடும் என்பது எங்கள் வீட்டு அனுபவம்.

13 வயது என்றால் நம் கணக்கில் எத்தனை? ஏழால் பெருக்கினால் 91 வரும். அந்தப் பழைய வாய்ப்பாடு தவறு. நாய் முதல் வருடத்திலேயே குட்டி போடும் அளவுக்கு வளர்ந்துவிடுகிறது; மனிதக் குழந்தை ஏழு வயதில் அப்படி இல்லை. சான் டியாகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 104 லாப்ரடார் நாய்களின் மரபணுமேல் வயதோடு ஏறும் மெத்தில் தடயங்களை மனிதர்களுடையதோடு ஒப்பிட்டு, 2020-இல் வேறொரு கணக்கு தந்தார்கள். நாயின் வயதுக்கு இயற்கை மடக்கை எடுத்து, 16-ஆல் பெருக்கி, 31-ஐக் கூட்ட வேண்டும். அதன்படி ஒரு வயது நாய்க்கு 31, நாலு வயது நாய்க்கு 53, குட்டிக்கு 72. இது லாப்ரடாரை வைத்துப் போட்டது. நாட்டு நாய்க்கு அப்படியே பொருந்த வேண்டியதில்லை. ஆனால் கோட்டின் வடிவத்தைப் பார்க்க வேண்டும்: தொடக்கத்தில் பாய்ந்து ஏறி, பிறகு மெல்ல மெல்லத் தட்டையாகிறது. அம்மாவுக்கும் இப்போது 72 நடக்கிறது. இரண்டு பேருக்கும் காலையில் மூட்டு பிடிக்கிறது.

இனி மூக்கு. காது மந்தமான நாய் முட்டைக்கு எப்படி எழுந்து வருகிறது என்ற கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது. நமக்கு மோப்ப உணர்விழைகள் ஐம்பது, அறுபது லட்சம். நாய்க்கு இனத்தைப் பொறுத்துப் பத்துக் கோடிக்கும் மேலே, முப்பது கோடி வரை. நாம் மூச்சு விடுவதும் மோப்பம் பிடிப்பதும் ஒரே வழியில். நாய்க்கு உள்ளே பாதை பிரிகிறது. இழுத்த காற்றில் சுமார் எட்டில் ஒரு பங்கு நுரையீரலுக்குப் போகாமல் மூக்கின் பின்கோடியிலுள்ள ஓர் அறைக்குள் ஒதுங்கி, அங்கே தங்கி நிற்கிறது. வெளியே விடும் காற்று நாசியின் பக்கப் பிளவுகள் வழியே போகிறது. அது உள்ளே வரும் வாசனையைக் கலைப்பதில்லை, இன்னும் கொஞ்சம் புதுக்காற்றை இழுத்தும் தருகிறது. நொடிக்கு ஐந்து முறைபோல இது நடக்கும். குட்டி தரையில் மூக்கை வைத்து ‘ப்ஃப் ப்ஃப்’ என்று தூசியைக் கிளப்புவதைப் பார்த்தால், இரண்டு பக்கமும் தூசி ஒதுங்கி நடுவில் ஒரு சின்ன வழி விழுவது தெரியும்.

நாக்கின் கதை இதற்கு நேர் எதிர். நம் நாக்கில் சுவை மொட்டுகள் ஒன்பதாயிரம் போல. நாய்க்கு 1,700. காரமா புளிப்பா என்று ரசித்துத் தின்கிற விலங்கு இல்லை அது. வாசனையைத் தின்கிற விலங்கு. கொல்கத்தா அருகிலுள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவும் அவர் மாணவர்களும் நம் நாட்டுத் தெருநாய்களைப் பல வருடமாகக் கவனித்து வருகிறார்கள். சோறு, ரொட்டி, பிஸ்கட் என்று மாவுச்சத்திலேயே உயிர் வாழும் இந்த நாய்கள் தீனியைத் தேர்ந்தெடுக்க ஓர் எளிய விதி வைத்திருக்கின்றன என்பது அவர்கள் கண்டது: மாமிச வாசனை வந்தால் தின்று பார். அதுவும் பிறவியில் வருவதில்லை. பால்குடி மறக்கும் குட்டிகளுக்கு அந்தத் தேர்வு இல்லை, வளர வளரக் கற்றுக்கொள்கின்றன. ஓடைக்கரையிலிருந்து வந்தவனுக்கும் அந்த விதி மூக்கில் ஏறியிருக்கிறது.

போன மார்கழியில் குட்டி இரண்டு நாள் கிண்ணத்தை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். பனிக்காலம், சோறு சில்லிட்டுப் போயிருந்தது. ஏதோ நோய் என்று நாங்கள் கலங்கியிருந்தோம். அம்மா அலசிய நெத்திலியை உப்புப் போடாமல் ஒரு கொதி விட்டு, அந்தத் தண்ணீரைச் சூடாகவே சோற்றில் ஊற்றிப் பிசைந்து, கைபொறுக்கிற சூட்டில் வைத்தாள். பின்னங்காலை இழுத்துக்கொண்டு வந்தவன் கிண்ணத்தின் அடி தெரியும்வரை தலையை எடுக்கவில்லை. கிண்ணம் தரையில் நகர்ந்து நகர்ந்து, கடைசியில் சுவரில் முட்டி நின்றது. வயதானால் மூக்கும் கொஞ்சம் மங்கும், காதையும் கண்ணையும் போல அவ்வளவு இல்லாவிட்டாலும். ஆறின சோற்றிலிருந்து வாசனை மூலக்கூறுகள் குறைவாகவே மேலே எழும். சூடு ஏறினால் அவை பறக்கும். நாயின் உடம்புச் சூடு 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். தீனியும் அதே வெதுவெதுப்பில் இருந்தால் மங்கின மூக்குக்கும் எட்டும். நாயைத் தின்னவைக்க எனக்குத் தெரிந்த மிக மலிவான வழி இதுதான்.

சோறு நாய்க்கு ஆகாது, நாய் என்பது ஓநாய், அதற்கு இறைச்சிதான் என்று இப்போது பலர் உறுதியாகச் சொல்கிறார்கள். பாதி உண்மை. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் எரிக் ஆக்செல்சன் குழுவினர் 12 ஓநாய்களின் மரபணுக்களையும் 60 நாய்களின் மரபணுக்களையும் ஒப்பிட்டு 2013-இல் வெளியிட்ட ஆய்வு இந்த வாதத்தின் அடியை அசைத்துவிட்டது. கணையத்தில் மாவுச்சத்தை உடைக்கும் அமிலேஸ் நொதிக்கான மரபணு ஓநாய்க்கு இரண்டு பிரதிதான். நாய்க்கு நாலு முதல் முப்பது வரை. கணையத்தில் அந்த மரபணுவின் வேலை நாய்க்கு 28 மடங்கு அதிகம். அடுத்த கட்டமாக மால்டோஸைக் குளுக்கோஸாக்கும் மரபணுவிலும், குடலிலிருந்து குளுக்கோஸை உறிஞ்சும் மரபணுவிலும் மாற்றங்கள் இருந்தன. பயிர் செய்த மனிதனின் குடிசைக்குப் பின்னால் எறிந்த எச்சிலைத் தின்று பிழைத்த விலங்கின் உடம்பில் எழுதப்பட்ட சரித்திரம் இது. தென்கிழக்கு ஐரோப்பாவில் கிடைத்த 7,000 வருடப் பழைய நாய் எலும்புகளிலேயே பிரதிகள் பெருகியிருந்தன. பயிர்த்தொழில் எட்டாத இடத்து நாய்களான சைபீரிய ஹஸ்கிக்கும் ஆஸ்திரேலிய டிங்கோவுக்கும் பிரதிகள் குறைவு.

இதில் என்னை நெகிழ வைப்பது மனிதருக்கும் இதுவே நடந்திருக்கிறது என்பது. அரிசியும் கிழங்கும் அதிகம் தின்னும் மக்களிடம் எச்சில் அமிலேஸ் மரபணுவின் பிரதிகள் கூடுதல் என்று 2007-இல் கண்டார்கள். நமக்கு வாயிலேயே தொடங்கும் அந்த வேலை நாய்க்கு வாயில் கிட்டத்தட்ட இல்லை, சிறுகுடலில் தொடங்குகிறது. ஒரே பானைச் சோறு இரண்டு உயிரினங்களை ஒரே திசையில் வளைத்திருக்கிறது. அது வெந்த சோறாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. வேகாத மாவுச்சத்து நாய்க் குடலில் அவ்வளவு நன்றாகச் செரிப்பதில்லை. குழைய வெந்தது ஏறக்குறைய முழுதும் செரிக்கிறது.

ஆகவே தயிர்ச்சோறு தப்பில்லை. தயிர்ச்சோறு மட்டும் என்பதுதான் தப்பு. இங்கே கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். நம் ஊர் நாய்கள் மெலிந்து முடி கொட்டிக் கிடப்பதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

15 கிலோ நாய் சும்மா படுத்திருக்கவே நாளுக்கு 530 கலோரி போல வேண்டும். காலையும் மாலையும் தெருக்கோடி வரை போய்வரும் குட்டிக்கு 700 என்று வைத்துக்கொள்ளலாம். 400 கிராம் சோறும் 250 கிராம் தயிரும் சேர்ந்தால் ஏறத்தாழ அந்தக் கலோரி கிடைத்துவிடும், வயிறும் நிறையும். புரதம்? சோற்றில் 11 கிராம், தயிரில் 8 அல்லது 9. மொத்தம் 20-ஐத் தாண்டாது. இந்த எடைக்கு 30 கிராமாவது வேண்டும், அதுவும் இளவட்ட நாய்க்கு. கிழட்டு நாய்க்குப் புரதத்தைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் சிறுநீரகம் போய்விடும் என்ற நம்பிக்கை நெடுநாளாக இருந்தது. ஆரோக்கியமான முதிய நாய்க்கு அது பொருந்தாது. தசையைக் கரையாமல் காக்க முதிய நாய்க்கு இளம் நாயைவிட ஒன்றரை மடங்கு வரை புரதம் தேவைப்படலாம் என்று 1966-லேயே ஓர் ஆய்வு சொன்னது. குட்டியின் இடுப்பெலும்பு துருத்தத் தொடங்கியபோது நாங்கள் மூட்டுவலி என்று தைலம் தேடினோம். மூட்டும் உண்டுதான், ஆனால் மேலே மூடியிருந்த தசை கரைந்திருந்தது.

இப்போது அவன் கிண்ணம் இப்படி: சோற்றில் பாதியைக் குறைத்து, அந்த இடத்தில் ஒரு அவித்த முட்டை, ஒரு கைப்பிடி எலும்பில்லாத கோழி அல்லது நெத்திலி, வெந்து மசித்த மஞ்சள் பூசணி, இரண்டு கரண்டி தயிர். பாலாக ஊற்றினால் வயிறு இளகும், ஏனென்றால் வளர்ந்த நாய்க்கு லாக்டோஸை உடைக்கும் நொதி குறைவு. தயிரில் அந்த லாக்டோஸில் ஒரு பகுதியைப் பாக்டீரியாக்கள் முன்பே தின்றுவிட்டிருக்கும். வீட்டுச் சோற்றில் எப்போதும் விழும் ஓட்டை சுண்ணாம்புச் சத்து. இறைச்சியில் பாஸ்பரஸ் உண்டு, கால்சியம் மிகக் குறைவு. எங்கள் கால்நடை மருத்துவர் சொன்னபடி, கழுவி வறுத்து மாவாகப் பொடித்த முட்டை ஓட்டில் அரைத் தேக்கரண்டி சேர்க்கிறோம். ஒரு தேக்கரண்டிப் பொடியில் கால்சியம் ஏறக்குறைய இரண்டு கிராம் இருக்கிறது. சிறுநீரக நோய் உள்ள நாய்க்கு இந்தப் பட்டியல் எதுவும் பொருந்தாது; அதற்கு மருத்துவர் தனியாக எழுதித் தர வேண்டும். உப்பு கிடையாது. வெந்த எலும்பும் கிடையாது; அது ஊசிபோலப் பிளக்கும்.

கிண்ணத்தின் அளவையும் சொல்ல வேண்டும். 48 லாப்ரடார் நாய்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு 25 சதவீதம் குறைவாகத் தீனி தந்து ஆயுள் முழுக்கப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2002-இல் வெளிவந்தது. குறைவாகத் தின்றவற்றின் இடைநிலை ஆயுள் 13 வருடம், மற்றவற்றுக்கு 11.2. மூட்டுத் தேய்மானமும் தள்ளிப்போனது. லாப்ரடார் வளர்ப்பவர்களுக்கு இது கடினம்தான். அந்த இனத்தில் நாலில் ஒன்றுக்கு, வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்லும் மரபணு ஒன்றில் பிசகு இருப்பதை 2016-இல் கேம்பிரிட்ஜில் கண்டார்கள். அந்த நாயின் கெஞ்சலில் பொய்யே இல்லை.

எதைப் போடுவது என்பதைவிட எதைப் போடக்கூடாது என்பதில் நாங்கள் பாடம் படித்த நாள் ஒன்று உண்டு. ஆடி மாதம் ஆற்றுக்குப் போகப் புளிச்சோறு கட்டி, தூக்குவாளியைத் திண்ணையில் வைத்திருந்தோம். செருப்புத் தேடித் திரும்புவதற்குள் குட்டி மூடியைத் தட்டிவிட்டு முக்கால்வாசி காலி செய்திருந்தான். அன்று அதைச் சேட்டைக் கணக்கில்தான் எழுதினோம். இரவு மூன்று தடவை வாந்தி. மறுநாள் தண்ணீர்ச் சட்டியருகே தலையைத் தொங்கப் போட்டு நின்றான், குடிக்கவில்லை. இரத்தம் எடுத்துப் பார்த்த மருத்துவர் கிரியாட்டினின் ஏறியிருப்பதாகச் சொல்லி முதலில் கேட்ட கேள்வி: “புளி ஏதாவது தின்றானா?” இரண்டு நாள் டிரிப்ஸ் ஏற்றினார்கள். அம்மா அந்த இரண்டு நாளும் மேசையருகே நின்று அவன் காதைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிழைத்து வந்தான்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் திராட்சையின் கதை இருக்கிறது. திராட்சை நாய்க்கு ஆகாது, சிறுநீரகத்தை முடக்கும் என்பது பல வருடமாகத் தெரியும். ஏன் என்பதுதான் புதிராக இருந்தது. அமெரிக்காவின் விலங்கு நச்சு உதவி மையம் ஒன்றில் வேலை செய்த மருத்துவர்கள் 2021-இல் ஒரு விடையை முன்வைத்தார்கள். வீட்டில் செய்த விளையாட்டு மாவைத் தின்ற நாய் ஒன்றுக்குத் திராட்சை தின்றாற்போலவே சிறுநீரகம் பழுதானது. மாவில் திராட்சை இல்லை. சமையலுக்குப் பயன்படும் டார்டார் உப்பு இருந்தது. திராட்சைக்கும் அந்த உப்புக்கும் பொதுவான பொருள் டார்டாரிக் அமிலம். பெரும்பாலான பழங்களில் அது இல்லை. ஆனால் புளியம்பழத்தில் எடையில் பத்து சதவீதம் போலவும் அதற்கு மேலும் உண்டு. 2022-இல் அவர்கள் வெளியிட்ட நோய்க்குறிப்புகளில் புளி தின்று சிறுநீரகம் பழுதான நாய்களும் இருந்தன. இந்த அமிலத்தைச் சிறுநீரக உயிரணுவிலிருந்து வெளியே தள்ள நமக்கு உதவும் ஒரு கடத்திப் புரதம் நாய்க்கு இல்லை என்பது இப்போது முன்வைக்கப்படும் விளக்கம்.

தமிழ் வீட்டில் இந்தச் செய்தி திராட்சைச் செய்தியைவிட முக்கியம் என்று நினைக்கிறேன். மிஞ்சின சாம்பார், புளிக்குழம்பு, மீன்குழம்புச் சட்டியின் அடி, எல்லாம் கடைசியில் நாய்க்குத்தான் போகின்றன. காலங்காலமாக எத்தனையோ நாய்கள் குழம்புச் சோற்றில் வளர்ந்திருக்கின்றன; அளவும் உடம்பும் நாய்க்கு நாய் மாறும். ஆனால் சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்த முதிய நாயிடம் அந்தச் சோதனை வேண்டாம். அதே குழம்பிலுள்ள சின்ன வெங்காயமும் பூண்டும் இன்னொரு வழியில் கெடுக்கின்றன. அவற்றின் கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களைச் சிதைத்து இரத்தசோகை உண்டாக்கும். வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. குழம்பு ஊற்றுவதற்கு முன்னால் எடுத்து வைத்த சோறு, மசாலா போடுவதற்கு முன்னால் எடுத்து வைத்த மீன். இந்த ‘முன்னால்’ ஒன்று போதும்.

களவைச் செய்தி என்று சொன்னேன். அதில் கவனிக்க வேண்டிய செய்தியும் உண்டு. நிதானமாகத் தின்றுகொண்டிருந்த முதிய நாய் திடீரென்று குப்பைத்தொட்டியைக் கவிழ்க்கத் தொடங்கினால், கூடவே தண்ணீர் நிறையக் குடித்து, வயிறு தொங்கி, முடி கொட்டினால், அட்ரினல் சுரப்பி கார்டிசோலை மிகையாகச் சுரக்கும் குஷிங் நோயாக இருக்கலாம். நிறையத் தின்றும் மெலிந்தால் நீரிழிவு. ஆசையாக வாயில் வைத்துவிட்டுக் கீழே போட்டால் பல். இவை மூன்றையும் அதட்டித் தீர்க்க முடியாது. மருத்துவரிடம் காட்டினால் மூன்றுக்கும் வழி உண்டு.

போன வருடம் குட்டி இரவு மூன்று மணிக்கு எழுந்து நடக்க ஆரம்பித்தான். நகம் தரையில் ‘டிக் டிக்’ என்று கேட்கும். ஒருமுறை கதவின் திறக்கிற பக்கத்தை விட்டுவிட்டுக் கீல் பக்கம் மூக்கை வைத்துக் காத்து நின்றான். பார்த்துவிட்டு அம்மா ஒன்றும் பேசவில்லை. நாய்க்கும் மறதி நோய் வரும். மனித அல்சைமரில் படியும் அதே அமிலாய்டு புரதம் நாய் மூளையிலும் படிகிறது. கலிஃபோர்னியாவில் 2001-இல் செய்த கணக்கெடுப்பில் 11, 12 வயது நாய்களில் 28 சதவீதத்துக்கும், 15, 16 வயது நாய்களில் 68 சதவீதத்துக்கும் ஒரு அறிகுறியாவது இருந்தது. திசை தப்புவது, இரவு பகல் மாறுவது, பழகினவர்களைத் தவிர்ப்பது, வீட்டுக்குள் மூத்திரம் போவது. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் நார்ட்டன் மில்கிராம் குழுவினர் வயதான பீகிள் நாய்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து 2005-இல் சொன்னது நம்பிக்கை தருகிறது. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் சத்துகள் சேர்ந்த தீனியும் உதவியது. விளையாட்டும் துணை நாயும் நடையும் மூளைக்கு வேலையும் உதவின. இரண்டையும் சேர்த்துப் பெற்ற நாய்கள் கற்பதில் மற்ற எல்லாவற்றையும் முந்தின.

மூளைக்கு வேலை என்றால் அவனுக்குத் தெரிந்த வேலை களவுதான். அதையே கொடுத்துவிட்டோம். மாலைத் தீனிக்கு முன்னால் அம்மா தேங்காய்ச் சிரட்டை மூன்றை நடையில் கவிழ்த்து வைப்பாள். ஒன்றுக்குள் மட்டும் ஒரு அவித்த நெத்திலி. குட்டி முதல் வாரம் மூன்றையும் உருட்டினான். மூன்றாம் வாரத்தில் தூரத்தில் நின்றே மூக்கைத் தூக்கி, நேரே சரியான சிரட்டைக்குப் போய், முன்னங்காலால் ஒரு தட்டு. சிரட்டை கவிழ்ந்து ஆடும் சத்தம் அவன் காதுக்குக் கேட்கிறதா தெரியாது, ஆனால் ஆடி முடியும்வரை நின்று பார்ப்பான். காலை நடையையும் விடாமல் கடைப்பிடித்தோம். இரவு நடை வாரத்தில் ஒன்று, இரண்டு என்று குறைந்திருக்கிறது.

நேற்று கரண்ட் இருந்தது. அம்மா சிரட்டைகளைக் கவிழ்க்கக் குனிந்திருந்தாள். முழங்கால் பிடித்ததில் நிமிரச் சற்று நேரமாயிற்று. அதற்குள் பின்னால் வாசற்படியில் வைத்திருந்த கிண்ணத்தில் மீதி நெத்திலி இல்லை.

“ஏலே...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

குட்டி வாயை நக்கிக்கொண்டே அவளைச் சுற்றி வந்து, நடுச் சிரட்டையின் முன்னால் நின்று, முன்னங்காலைத் தூக்கினான்.